அரை நூற்றாண்டு உறங்கிய ஒலிநாடா

இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது எனக்கென்று ஒரு பொதியைக் கொண்டுவந்தார். சட்டைத் துணியாக இருக்கும் என்று எண்ணிப் பிரித்தேன். உள்ளே மூன்று பெரிய இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைச் சுழலவிடும் கருவி என்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் அவ்விசை முழுவதையும் என் கைப்பேசியிலும் ஏற்றித் தந்துவிட்டே சென்றார். “சேர், இது அம்பது வருஷம் பெட்டிக்குள்ள கிடந்த சாமான். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ” என்பது மட்டுமே அவர் அளித்த விளக்கம்.

அன்றிரவு முற்றத்திற் பாயை விரித்துக் கேட்கத் தொடங்கினேன். எங்கள் குறிஞ்சிப்பிட்டி கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள சிற்றூர். குடாநாட்டின் ஒருபால் புத்தளக் களப்பு, மறுபால் பெருங்கடல். நெய்தல் நிலத்து ஊருக்குக் குறிஞ்சி என்ற பெயர் வாய்த்ததைச் சொல்லிச் சிரிக்காத தமிழாசிரியரை நான் கண்டதில்லை. காற்று ஓயாத இம்மணற் பிட்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையைக் கேட்டுக்கொண்டு கிடப்பதும் ஒருவகைத் திணைமயக்கந்தான் என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன்.

அவ்விசைக்குத் தலைமை தாங்கியவர் சார்ல்ஸ் மிங்கஸ். அவர் வாசித்தது டபிள் பேஸ். வயலின் குடும்பத்தில் மிகப் பெரியதும், ஆளுயரத்துக்கு மேற்பட்டதுமான தந்தி வாத்தியம் அது. வாசிப்பவர் நின்றுகொண்டு, அதைத் தோளோடு அணைத்தபடி விரல்களால் மீட்டுவார். சில வேளைகளில் வில்லால் இழைப்பார். ஜாஸ் குழுவில் அதற்குரிய இடம் பின்வரிசை. எக்காளமும் சக்சபோனும் முன்னே நின்று பேர் வாங்கும். பேஸ் பின்னே நின்று காலத்தையும் சுருதியின் அடித்தளத்தையும் காத்துக் கொடுக்கும். நம் கச்சேரி மேடையில் தம்புராவும் மிருதங்கமும் ஆற்றும் பணிகளை ஒருவரே ஏற்றுக்கொண்டால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்தால் அந்த வாத்தியக்காரரின் பொறுப்பு ஓரளவு விளங்கும். அப்படிப் பின்னே நிற்கவேண்டியவர் குழுவை நடத்தத் தொடங்கினால் இசையின் போக்கே மாறிவிடுகிறது. மிங்கஸின் குழுவில் முன்னே நிற்பவர் எவ்வளவு உயரப் பறந்தாலும், அடியிலிருந்து ஒரு கை அவரைத் தூண்டுவதும், மடக்குவதும், திடீரென்று காலத்தை இரட்டிப்பதுமாக இருக்கக் காணலாம்.

மிங்கஸ் 1922 ஏப்ரல் 22ஆந் தேதி அரிசோனா மாநிலத்து நொகாலெஸ் என்னும் ஊரிற் பிறந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வாற்ஸ் பகுதியில் வளர்ந்தார். இளமையிற் பயின்றது செல்லோ வாத்தியம். மேற்கத்தியச் சாஸ்திரிய இசைக்குழுக்களிற் கறுப்பின இளைஞன் ஒருவனுக்கு இடங் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. அவர் டபிள் பேஸுக்கு மாறினார். 1952இல் டெபியூ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அந்நிறுவனம் வெளியிட்ட தட்டுகளுள் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1953 மே 15ஆந் தேதி கனடாவின் டொரொன்ரோ நகரத்து மாசி மண்டபத்தில் சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, பட் பவல், மக்ஸ் றோச், மிங்கஸ் ஆகிய ஐவரும் ஒரே மேடையில் வாசித்தனர். மிங்கஸ் அந்த ஒலிநாடாவைக் கொண்டுவந்து போட்டுக் கேட்டபோது ஏனையோரின் வாசிப்புத் துலக்கமாய் ஒலித்தது. அவருடைய பேஸோ சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, தம் பங்கைத் தாமே மறுபடி வாசித்து அதன்மேற் சேர்த்தார். செய்தது நேர்மையா என்று கேட்போர் உண்டு. எனக்கு அதில் ஒரு மனிதனின் மனக்குறையே தெரிகிறது. பின்வரிசையில் நிற்பவனைப் பதிவுக் கருவியும் மறந்துவிடுகிறது.

இனி என் கைக்கு வந்த தட்டுகளின் வரலாற்றைக் கூறுகிறேன். 1972 ஆகஸ்டு 14, 15ஆந் தேதிகளில் மிங்கஸ் இலண்டனிலுள்ள ரொனி ஸ்கொட் இசைமன்றத்தில் தம் அறுவர் குழுவோடு வாசித்தார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அதைத் தட்டாக வெளியிடும் நோக்கத்துடன், எட்டுத் தடங்களிற் பதியும் கருவிகளைக் கொண்ட வண்டியை வரவழைத்து முறைப்படி ஒலிப்பதிவு செய்தது. அடுத்த ஆண்டு, 1973இல், அந்நிறுவனம் மைல்ஸ் டேவிஸ் ஒருவரை வைத்துக்கொண்டு ஏனைய ஜாஸ் கலைஞர்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மிங்கஸோடு பில் எவன்ஸ், ஓர்னெற் கோல்மன் முதலியோரும் வெளியேறினர். கணக்குப் புத்தகத்தில் இழுத்த ஒரு கோட்டினால் அவ்விரு இரவுகளும் பெட்டிக்குட் போயின. மிங்கஸ் 1979 ஜனவரி 5ஆந் தேதி மெக்சிக்கோவில் தம் ஐம்பத்தாறாம் வயதிற் காலமானார். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரை ஆட்கொண்டிருந்தது. அவருடைய விருப்பப்படி அவர் மனைவி சூ மிங்கஸ் அஸ்தியைக் கங்கையிற் கரைத்தார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பும் ஒருவித நெருக்கமும் உண்டாயின. பெட்டிக்குள் இருந்த நாடாவோ 2022 ஏப்ரல் 23ஆந் தேதிதான், அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளுக்கு மறுநாள், ரெசனன்ஸ் என்னும் நிறுவனத்தின் மூலம் மூன்று தட்டுகளாக வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேர இசை.

அந்த இசை எப்படியிருக்கிறது? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது செப்பனிட்ட இசையன்று. வியர்வை மணக்கும் இசை. எக்காளம் வாசிக்கும் ஜோன் பாடிஸுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. முளைவிட்ட இளங்கன்று போல எட்டாத சுரங்களுக்கெல்லாம் தாவுகிறார். தாவியவற்றுட் பெரும்பாலானவற்றைப் பிடித்தும் விடுகிறார். சார்ல்ஸ் மக்பேர்சனின் சக்சபோன் அதற்கு நேர்மாறாக, அடக்கத்தோடு பேசுகிறது. முரசு வாசிக்கும் றோய் புறூக்ஸ் ஓரிடத்தில் தச்சர் மரமறுக்கும் வாளை எடுத்து வளைத்து அதிலும் நாதம் எழுப்புகிறார். பியானோக் கலைஞர் ஜோன் பொஸ்ரர், முந்திய ஆண்டு மறைந்த லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கரகரத்த குரலைத் தம் தொண்டையில் வரவழைத்துப் பாடுகிறார். எல்லாவற்றிற்கும் அடியில் மிங்கஸ். இந்த முறை அவர் பேஸ் கேட்கிறது.

இத்தட்டுகளில் என்னை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கவைத்தது ‘போபஸ் கதைகள்’ என்று பொருள்படும் பாடம். அதன் பின்னணியை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1957இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஆளுநராயிருந்த ஓர்வல் போபஸ், லிற்றில் றொக் நகரத்து மத்திய உயர்நிலைப் பள்ளியிற் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களைத் தடுப்பதற்காக ஆயுதந் தாங்கிய படையை வாயிலில் நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் மத்திய இராணுவத்தை அனுப்பிய பின்னரே அப்பிள்ளைகள் தொடர்ந்து வகுப்பிற்குச் செல்ல முடிந்தது. அந்த ஆளுநரை எள்ளி நகையாடி மிங்கஸ் ஓர் இசை அமைத்தார். 1959இற் கொலம்பியா வெளியிட்ட தட்டில் அதற்குச் சொற்கள் இல்லை. மறு ஆண்டு கண்டிட் என்னும் சிறு நிறுவனத்துக்காகப் பதிந்தபோது சொற்களும் சேர்ந்தன. மிங்கஸ் கேட்க, முரசுக்காரர் டனி றிச்மண்ட் மறுமொழி சொல்வதாக அமைந்த வசைப்பாட்டு அது. 1959இன் தட்டில் அது எட்டு நிமிடம். 1972இன் இலண்டன் இரவில் முப்பத்தைந்து நிமிடம்!

பதினைந்து ஆண்டு பழகிய கோபம் எப்படி மாறுகிறது என்பதை அந்த முப்பத்தைந்து நிமிடத்திற் கேட்கலாம். தொடக்கத்திற் கேலி. பிறகு கேலி மறைந்து தனிமனிதர்களின் நீண்ட பேச்சு. நடுவே ஏதோ ஒரு பழம்பாட்டின் துண்டு தலைகாட்டும், சபையினர் சிரிப்பர், மீண்டும் அந்தக் கேலி மெட்டு வளைந்து வளைந்து வரும். வெளியீட்டாளர் எவராவது ‘நீளம் அதிகம்’ என்று கத்தரிக்கோலை எடுத்திருந்தால் எட்டு நிமிடத் துண்டு ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கும். அது ஏற்கெனவே நம்மிடம் இருந்தது.

இவ்விடத்தில் என் நண்பர் ஒருவரின் ஆட்சேபத்தைக் கவனிக்க வேண்டும். அவரும் ஆசிரியர், சங்கீதத்தில் என்னைவிட ஞானம் உடையவர். “படைத்தவன் உயிரோடிருந்தபோது வெளிவராததைச் செத்த பிறகு தோண்டியெடுப்பது வியாபாரிகளின் வேலை. பரணைத் துழாவிக் கிழிசலையெல்லாம் பட்டென்று விற்கிறார்கள்” என்றார். இதிற் பாதி உண்மை. கலைஞன் தானே ஒதுக்கிய அரைகுறை முயற்சிகளையும், பாடிப் பிழைத்துப் பாதியில் நிறுத்தியவற்றையும் ‘புதையல்’ என்று விளம்பரப்படுத்தி விற்பதை நானும் கண்டிருக்கிறேன். அவற்றிற் பலவற்றை ஆராய்ச்சியாளர் மட்டும் கேட்டாற் போதும். திருட்டுத் தட்டுகளின் கதை அதைவிட மோசம். மிங்கஸின் கச்சேரிகளை அனுமதியின்றிப் பதித்து விற்றவர்கள் பலர். சூ மிங்கஸ் அவர்கள்மேற் சினங்கொண்டு, அதே கச்சேரிகளை முறைப்படி வெளியிட ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பழிவாங்கல்’.

ஆனால் இலண்டன் நாடாவை அந்த வகையிற் சேர்ப்பதற்கில்லை. அது வெளியிடுவதற்கென்றே பதியப்பட்டது. கலைஞன் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. தள்ளியது சந்தை. ஒரு காலத்துச் சந்தையின் தீர்ப்பை அக்காலத்து ரசனையின் தீர்ப்பாகவே நாம் ஏற்றுக்கொண்டுவிடுவது பெருந்தவறு என்பது என் கட்சி. 1973இல் அந்த இசை விலைபோகாது என்று முடிவு செய்தார்கள். விலைபோயிராது என்பதும் மெய்யாக இருக்கலாம். அதனால் அது கேட்கத் தகாதது ஆகிவிடுமா? அந்தத் தீர்ப்பை மறுவிசாரணை செய்ய நமக்கு வாய்ப்பளித்தது ஒன்றே ஒன்று: நாடா மிஞ்சியிருந்தது.

மிஞ்சியது எவ்வாறு என்று பார்த்தால் நிறுவனங்களைவிட வீடுகளே நினைவுக்கு வருகின்றன. அடுத்த ஆண்டு பெப்ரவரி 13ஆந் தேதி டிட்ரொயிற் நகரத்தின் ஸ்ட்ராற்றா மண்டபத்தில் மிங்கஸ் வாசித்த கச்சேரி உள்ளூர் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாயிற்று. அந்நாடாக்களைப் பல்லாண்டு காத்துவந்தவர் முரசுக்காரர் றோய் புறூக்ஸின் மனைவி. புறூக்ஸ் 2005இல் மறைந்தார். கச்சேரி 2018இல் வெளிவந்தது. 1964 மார்ச் 18ஆந் தேதி கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரியின் நாடா சூ மிங்கஸின் தேடலாற் கிடைத்து 2007இல் வெளியாயிற்று. அதிற் புல்லாங்குழலும் சக்சபோனும் வாசித்த எரிக் டொல்பி அடுத்த ஜூன் மாதமே பெர்லினில் இறந்துபோனார். அவர் மூச்சின் கடைசி மாதங்களில் ஓர் இரவு நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து நமக்கு வந்து சேர்ந்தது. ‘எபிடாப்’ என்ற மாபெரும் ஆக்கத்தின் கைப்பிரதியும் மிங்கஸின் மறைவுக்குப் பின் அவர் தாள்களை ஒழுங்குசெய்யும்போதே அகப்பட்டது. 1989 ஜூன் 3ஆந் தேதி நியூயோர்க்கில் முப்பது பேர் கூடி அதை வாசித்தனர்.

பெரிய பண்டசாலைகள் எப்போதும் பாதுகாப்பானவை என்று எண்ணுவோர் இரு தீ விபத்துகளை நினைத்துப் பார்க்கட்டும். 1978இல் நியூஜேர்சியில் அற்லாண்டிக் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது வெளிவராத பதிவுகள் எண்ணற்றவை அழிந்தன. மிங்கஸ் பல தட்டுகள் செய்தளித்த நிறுவனம் அது. 2008 ஜூன் 1ஆந் தேதி ஹொலிவூட்டில் யுனிவேர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் மூலநாடாக்கள் வெந்தன. எவ்வளவு வெந்தன என்பது 2019இற் பத்திரிகையொன்று எழுதிய பிறகுதான் உலகிற்குத் தெரிய வந்தது.

தமிழ் படித்த நமக்கு இந்த விஷயம் புதிதன்று. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். அவர்கள் தேடிச் சென்ற ஏடுகளிற் பல, யாரோ ஒரு குடும்பத்தின் பரணிலே, படிக்கத் தெரியாதவர்களாலும் எறிய மனமில்லாமற் காக்கப்பட்டவை. எழுத்துக்கு அந்த மரியாதையைச் செய்த சமூகம் ஒலிக்கு அதைச் செய்கிறதா? நான் என் வீட்டையே சான்றாகக் காட்டுகிறேன். பெருமைப்படுவதற்கன்று.

என் பெரியப்பா கரைவலை இழுப்பதில் முதலிற் குரல் கொடுப்பவர். கயிற்றைப் பற்றி இரு வரிசையாக நிற்போர் அவர் பாடும் அம்பாப் பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஏலேலோ சொல்லி இழுப்பர். வலை பாரமாயின் பாட்டின் காலம் தாழும், இலேசாயின் விரையும். பாட்டை நடத்துவது அவரா, அல்லது கடலுக்குள் கிடக்கும் வலையா என்று சொல்வது கடினம். சவூதியிலிருந்து 1981இல் திரும்பிய என் அண்ணன் கொண்டுவந்த ரேடியோ கசெற்றில் ஒரு விடியற்காலை அந்தப் பாட்டுப் பதியப்பட்டது. அறுபது நிமிட நாடா. அலையோசையும், நாய் குரைப்பும், இடையே பெரியப்பா யாரையோ ஏசுவதும் எல்லாம் அதில் இருந்தன. அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிடாதிருக்க, கசெற்றின் முதுகிலிருந்த இரு சிறு தகடுகளையும் அண்ணன் நகத்தால் உடைத்துவிட்டார். கசெற் பழகியவர்களுக்கு அந்த ஏற்பாடு தெரியும்.

1986இல் எனக்கு இலங்கை வானொலியில் வரும் சினிமாப் பாடல்களைப் பதிய ஒரு கசெற் தேவைப்பட்டது. கடையில் வாங்கக் காசில்லை. தகடு உடைந்த துவாரத்திற் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் பழையபடி பதியலாம் என்ற தந்திரத்தைப் பள்ளிக்கூடத்திற் கற்றிருந்தேன். அடைத்தேன். பெரியப்பாவின் பாட்டைக் கரையில் நாளும் கேட்கலாமே என்பது அப்போதைய என் நியாயம். அவர் அதற்கு மூன்றாம் வருடம் இறந்தார். அண்ணன் கசெற்றைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்த அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. ஒரு பக்கத்தின் முடிவில் மட்டும், சினிமாப் பாட்டு நின்ற இடத்திற்குப் பின், அவர் குரல் சில விநாடிகள் வருகிறது. ஏசுகிற இடம்.

கொலம்பியா நிறுவனத்தின் கணக்கரை நான் ஏன் கடிந்து பேசாமல் விட்டேன் என்பது இப்போது வாசகருக்கு விளங்கியிருக்கும். அவர் பெட்டியில் வைத்து மூடினார், அழிக்கவில்லை.

களப்புக்கு அப்பால், புத்தளம் நகருக்கு அண்மையிற் சிறாம்பியடி என்னும் ஊரில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்கள் பாடும் மஞ்ஞாப் பாடல்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. மெதுவாகத் தொடங்கித் தாளம் ஏற ஏற ஆட்டமாக முடிபவை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்ச் சென்றோரின் சந்ததி அமெரிக்காவில் ஜாஸை உண்டாக்கிற்று; அதே கண்டத்திலிருந்து வேறு கப்பலில் வந்தோரின் சந்ததி நம் மாவட்டத்தில் மஞ்ஞாவைப் பாடுகிறது. இலண்டன் நாடாவைத் தேடிக் கேட்கும் ரசிகர் நம்மிடையே சிலர் உளர். சிறாம்பியடிக்குப் பேருந்து ஏறியவர் எத்தனை பேர் என்று நான் கேட்டால் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் மிகச் சிறியது. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கசெற் இருந்தால், அதில் என்ன இருக்கிறது, யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். கடற்காற்றின் ஈரம் நாடாவிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். பூஞ்சணம் படர்ந்த நாடாவைச் சுழலவிட்டால் அது கருவியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவையும் கெடுக்கும். முதலிற் சுத்தம் செய்யவேண்டும். பிறகு முழுவதையும் கணினியில் ஏற்றிப் பிரதி செய்யுங்கள். இருமலையும் ஏச்சையும் வெட்டாதீர்கள். நன்றாயிருக்கிறதா, வெளியிடலாமா என்ற விசாரணையை ஐம்பது வருடம் கழித்து வருபவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஏத்தாளையில் ஒரு முதியவரின் வீட்டில் பழைய நாட்டுக்கூத்துக் கசெற்றுகள் ஒரு பிஸ்கற் தகரம் நிறையக் கிடப்பதாக அண்ணன் சொன்னார். அவரே இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். கருவியை நான் கொண்டுவரவேண்டும், கசெற்றைத் தான் மட்டுமே தொடுவேன் என்பது அவருடைய நிபந்தனை.